வேஷம் கலையாத மனிதர்கள்

மாசி மகத்துக்குத் திருவேட்டக்குடி போவது எங்கள் குடும்பத்து வழக்கம். காரைக்காலுக்கு வடக்கே, கடலை ஒட்டிய ஊர். திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தலம். சுவாமிக்குத் திருமேனி அழகர் என்று பெயர். இப்படிப் பெயர் படைத்தவர்தாம் அர்ச்சுனனுக்காக வில்லும் கையுமாக வேடனாய் வந்தார் என்பது தலத்தின் கதை. ஆகையால் இங்கே உற்சவ மூர்த்திகளில் வேடரும் உண்டு. மகத்தன்று சுவாமி கடலாடப் புறப்படுவார். ஊரே பின்னால் போகும்.

சென்ற முறை போயிருந்தபோது, பெரியப்பா வீட்டுத் திண்ணையில் இரண்டு பையன்கள் உட்கார்ந்து புத்தகங்களைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் என் மகன். மற்றவன் பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த உறவுக்காரப் பையன். காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த பூமி அல்லவா? இந்தப் பக்கத்தில் பாரிசில் உறவு இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவன் கொண்டுவந்திருந்தவை அஸ்தெரிக்ஸ் சித்திரக்கதைகள். என் மகன் கொண்டுவந்தவை, நான் சிறு வயதில் சேர்த்து வைத்த பழைய முத்து காமிக்ஸ். ஒருவன் பாஷை மற்றவனுக்கு அரைகுறை. படங்கள் இருந்தபடியால் அது ஒரு தடையாகவே இல்லை.

திடீரென்று என் மகன் கேட்டான்: "அப்பா, இந்த முதல் புஸ்தகத்திலே குண்டனைக் காணோமே?"

நானும் வாங்கிப் பார்த்தேன். பையன் சொன்னது ஏறக்குறைய வாஸ்தவந்தான்.

அந்தக் கதை 1959 அக்டோபர் 29-ஆம் தேதி 'பிலோத்' என்ற பிரெஞ்சுப் பத்திரிகையின் முதல் இதழில் தொடங்கியது. எழுதியவர் கொசினி, வரைந்தவர் உதெர்சோ. குண்டன் ஒபெலிக்ஸ் முதல் கதையில் நெடுங்கற்களைச் சுமந்து கொடுக்கும் ஒரு கிராமத்தான். அங்கங்கே தலை காட்டுகிறான், அவ்வளவுதான். உடம்பும் அப்படியொன்றும் பெரிதில்லை. ரோமானியப் பாசறைக்குள் நுழைந்து சாகசம் செய்வதெல்லாம் அஸ்தெரிக்ஸின் வேலை. அடுத்தடுத்த கதைகளில் ஒபெலிக்ஸ் கூடவே கிளம்பிவிட்டான். வாசகர்களுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அவ்வளவுதான்! காட்டுப் பன்றியை முழுசாகத் தின்பது, 'நான் குண்டன் இல்லை' என்று சண்டைக்கு வருவது, மந்திரக் கஷாயம் கேட்டு ஏமாறுவது என்று இரண்டு மூன்று விஷயங்கள் அவனிடம் நிலைத்தன. வயிறும் புத்தகத்துக்குப் புத்தகம் பெருத்தது. கொசினி 1977-இல் காலமானார். பிறகு உதெர்சோ தனியாகவும், 2013 முதல் வேறு கைகளும் அந்தக் கதைகளைத் தொடர்ந்தன. எந்தக் கைக்கு மாறினாலும் பன்றி மட்டும் தவறவில்லை.

இது ஒபெலிக்ஸுக்கு மட்டும் வந்த விதியல்ல. பாப்பாய் என்ற மாலுமியை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவார்கள். கீரை தின்றால் புஜம் புடைக்கும். ஆனால் 1929 ஜனவரியில் சேகர் என்ற ஓவியர் அவனைப் படைத்தபோது கீரையின் பேச்சே இல்லை. பத்து வருஷமாக நடந்துகொண்டிருந்த வேறொரு சித்திரக்கதையில், கப்பலோட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது, அதற்காக வந்தவன். அவன் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் அதிர்ஷ்டம் தரும் ஒரு விசித்திரக் கோழி. அதன் தலையைத் தடவிக்கொண்டுதான் அவன் ஆபத்துகளைத் தாண்டினான். கதையை முடித்து அவனை அனுப்பிவிட எண்ணியபோது வாசகர்கள் விடவில்லை. கீரை பின்னால்தான் வந்தது. 1933-இல் அவன் திரைப்படச் சித்திரமானதும் கீரையே முதலாளியாகிவிட்டது.

சூப்பர்மேனும் 1938-இல் பறக்கவில்லை. தாவினான். ஒரு தாவலுக்கு மைலில் எட்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 200 மீட்டர். பீரங்கிக் குண்டு வெடித்தால் அவன் தோல் கிழியலாம் என்றும் அப்போது சொல்லியிருந்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு பலம் ஏறி, பின்னால் கிரகங்களையே நகர்த்தும் நிலைக்கு வந்தான். இவ்வளவு பலசாலிக்கு ஆபத்து எங்கிருந்து வரும்? ஆபத்தில்லாமல் கதை எங்கிருந்து வரும்? ஆகவே அவனைத் துவள வைப்பதற்கென்றே 'கிரிப்டோனைட்' என்று ஒரு கல்லைக் கற்பிக்க வேண்டியதாயிற்று.

என் மகன் கையில் இருந்த இரும்புக்கை மாயாவியின் சரித்திரம் இன்னும் ருசியானது. 1972-இல் சிவகாசி முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்து, தமிழ்ப் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுத்தவன் இவன். 1962-இல் இங்கிலாந்தில் 'வாலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையில் பிறந்தபோது இவன் நல்லவனே அல்ல. பரிசோதனைச் சாலை விபத்தில் கையை இழந்து, இரும்புக் கை பொருத்திக்கொண்ட கசந்துபோன மனிதன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும் என்று கண்டுகொண்டதும் குற்றத்தில் இறங்கியவன். பிறகு மனம் மாறி ஒற்றனானான். அதற்கும் பிறகு வீரர்களுக்குரிய விசேஷ உடுப்பையும் மாட்டிவிட்டார்கள். கையும் மாயமும் மிஞ்சின, கசப்பு போய்விட்டது. அந்தக் கசப்பு இருந்தவரைக்கும் அவன் மனிதனாக இருந்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

ஏன் இப்படி ஆகிறது? சோம்பேறி எழுத்தாளன்மேல் பழியைப் போட்டுவிடலாம். அது பாதி நியாயந்தான். ஒரு வாரப் பத்திரிகையில் நான் தொடர்கதை எழுதியபோது, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரைக் கொண்டுவந்தேன். மனைவியை இழந்தவர், நல்ல படிப்பாளி, கொஞ்சம் கோழை. எதற்கெடுத்தாலும் "ஆதாரம் உண்டா?" என்று கேட்பார். மூன்றாவது வாரம் கடிதங்கள் வந்தன: 'ஆதாரம் தாத்தா பிரமாதம்!' எனக்கும் உச்சி குளிர்ந்தது. அடுத்த வாரம் இரண்டு தடவை கேட்கச் செய்தேன். பத்தாவது வாரத்தில் அவர் மனைவியை மறந்துவிட்டார். இருபதாவது வாரத்தில் காபி கொண்டுவந்தவளிடம், அது காபி என்பதற்கு ஆதாரம் கேட்டார். வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் ஒரு மனிதரைக் கொன்றுவிட்டேன் என்று அந்த வாரந்தான் தெரிந்தது.

வாரக் கதைக்கு இடம் கொஞ்சம். புதிதாகப் படிக்க வருகிறவனுக்கு, பாத்திரம் யார் என்று இரண்டு வரியில் புரிய வேண்டும். பழைய வாசகனோ, தனக்குப் பிடித்ததற்காகக் காத்திருக்கிறான். போன வாரம் சிரித்த அளவுக்கு இந்த வாரமும் சிரிக்க, மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கிறது. வாசகனின் அபிமானமும் எழுத்தாளனின் ஆசையும் சேர்ந்து ஒரு குணத்துக்கு மட்டும் சோறு போடுகின்றன. மற்றக் குணங்கள் பட்டினி கிடந்து போகின்றன.

பத்திரிகை வருவதற்கு முன்பே நாம் இதைச் செய்து பழகியவர்கள். நீண்ட நேரம் தூங்குகிற பிள்ளையை என்னவென்று திட்டுகிறோம்? கும்பகர்ணன்! வால்மீகியின் கும்பகர்ணன் அண்ணனுக்கு முகத்துக்கு நேரே நீதி சொன்னவன். கம்பனிடம் அவன் இன்னும் உயர்ந்து நிற்கிறான். விபீஷணன் போர்க்களத்துக்கே வந்து இராமன் பக்கம் அழைக்கிறான். தோற்கப்போகும் பக்கம் எது என்று தெரிந்தும், வளர்த்து ஆளாக்கியவனைக் கைவிடமாட்டேன் என்று மறுத்து, தம்பியை வாழ்த்தி அனுப்பிவிட்டுச் சாகிறான். இத்தனை பெரிய மனிதனிடமிருந்து நாம் எடுத்து வைத்துக்கொண்டது குறட்டையை மட்டுந்தான்.

பையன்களிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோதே உள்ளே பெரியவர்களின் சிரிப்புக் கேட்டது. பெரியப்பா காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் அவருக்குக் 'கால்காசுப் பெரியப்பா' என்று பெயர். விருந்தாளி சாப்பிட உட்கார்ந்ததும் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பனைவிசிறியைக் கையில் கொடுத்தார் என்ற கதையை, கேட்பவர்களும் சேர்ந்தே சொல்லும் அளவுக்கு நூறு தடவை சொல்லியாயிற்று. நானே பல சபைகளில் சொல்லியிருக்கிறேன். பனைவிசிறியும் ஓட்டை விசிறி என்பது என் சொந்தச் சேர்க்கை.

மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அத்தை உலக்கையை நிறுத்தினாள்.

"எச்சிக் கையாலே காக்கா ஓட்டமாட்டான்னு சிரிக்கிறீங்க. அன்னிக்குக் கரண்டே இல்லடா. அதனாலேதான் எங்கண்ணன் பனை விசிறி எடுத்துக் குடுத்தான். எழுபத்தேழு புயலப்போ நீங்க யாரு இருந்தீங்க?"

1977 நவம்பர் புயலைப்பற்றி நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்துக் கிழவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். கூரை போனவர்கள் வந்து வாசலில் நின்றபோது, குதிரில் இருந்த விதைநெல் முழுவதையும் பெரியப்பா அளந்து கொடுத்துவிட்டாராம். மறு பட்டத்துக்கு விதை வாங்க வட்டிக்கு எடுத்தார். நிலம் அடமானம் போயிற்று. மீட்க ஒன்பது வருஷம் ஆயிற்று.

"அந்த ஒம்பது வருஷம் காசு காசா எண்ணினான். கடன் அடைஞ்சப்புறமும் விரல் நிக்கலே," என்றாள் அத்தை. மறுபடி உலக்கையை எடுத்துக்கொண்டாள்.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. எங்கள் பெரியப்பாவையும் நாங்கள் தொடர்கதையாகத்தான் எழுதி வந்திருக்கிறோம். ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரு அத்தியாயம். முதல் அத்தியாயம் மட்டும் யாரும் படிக்கவில்லை.

இதற்குப் பரிகாரம் உண்டா? காரைக்காலிலேயே ஒன்று இருக்கிறது. காரைக்கால் அம்மையார் தம் பாடல்களில் தம்மைக் 'காரைக்கால் பேய்' என்றே சொல்லிக்கொண்டவர். சிற்பிகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். எலும்பும் நரம்புமாகத் தாளம் போடும் உருவந்தான் கோயில்தோறும் நம் கண்ணில் படுவது. 143 பாடல்களில் பேசிய அந்த அறிவை மறந்து, பேயை மட்டும் வைத்துக்கொண்டிருக்க முடியும். ஆனால் ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் ஊர் அப்படிச் செய்வதில்லை. மாப்பிள்ளை அழைப்பிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். புனிதவதிக்கும் பரமதத்தனுக்கும் கல்யாணம் நடக்கிறது. பிட்சாடனர் வீதிக்கு வருகிறார், மாடியிலிருந்து மாம்பழங்களை இறைக்கிறார்கள். இவ்வளவும் நடந்த பிறகுதான் பேயுருவின் முறை. ஒவ்வொரு வருஷமும் அவள் முதலில் பெண்ணாக இருந்துவிட்டே பேயாகிறாள். சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிய கதையை, ஒரு அத்தியாயமும் விடாமல் ஊர் திரும்பப் படிக்கிறது.

அன்று மாலை கடற்கரையில் கூட்டத்தோடு நின்றேன். கடலாடி முடிந்து சுவாமி கோயிலுக்குத் திரும்பினார். வில்லெடுத்த நாளும் போய், மறுநாள் அவர் பழையபடி திருமேனி அழகர். அவருக்கு வேஷம் போடவும் தெரியும், கலைக்கவும் தெரியும். ஒபெலிக்ஸுக்கும் பெரியப்பாவுக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. அவர்கள் வேஷத்தை வேறு யாராவதுதான் கலைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பையன்கள் விசிறிக் கதையைக் கேட்டார்கள். புயலிலிருந்து ஆரம்பித்தேன்.