போதனாமொழியும் இன நல்லுறவும்

பாடசாலை ஒரு நாட்டின் இனங்களை ஒன்றையொன்று அறியச் செய்யும் களமாகவும் அமையலாம். அவற்றைப் பிரித்துவைக்கும் மதிலாகவும் அமையலாம். இலங்கையின் போதனாமொழி வரலாறு இவ்விரண்டிற்கும் சான்று பகர்கின்றது.

பிரித்தானியர் ஆட்சியில் இந்நாட்டுக் கல்வி இரு கூறாகப் பிளவுண்டிருந்தது. கட்டணஞ் செலுத்த வல்ல சிலர் ஆங்கிலப் பாடசாலைகளிற் பயின்று அரச உத்தியோகங்களைப் பெற்றனர். ஏனையோர் சுயமொழிப் பாடசாலையுடன் கல்வியை முடித்துக்கொண்டனர். கொழும்பிலும் கண்டியிலும் ஆங்கிலக் கல்லூரிகளிற் பல இனத்தவரும் ஒரே வகுப்பில் அமர்ந்தனர் என்பது உண்மையே. ஆயின் அவ்வுறவு வசதிபடைத்தோரின் உறவாகவே இருந்தது.

இந்நிலையை மாற்ற முனைந்தோருள் 1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் குறிப்பிடத்தக்கது. பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற அவ்வமைப்பின் முன்னோடியாக விளங்கியவர் ஆசிரியர் ஹண்டி பேரின்பநாயகம். சாதிவேறுபாட்டை எதிர்த்த அவ்வமைப்பு சுயமொழிக் கல்வியையும் இன ஒற்றுமையையும் ஒருங்கே வேண்டிநின்றது. 1926இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா அதன் ஆதரவில் யாழ்ப்பாணத்தில் உரையாற்றினார்; 1927இல் காந்தியடிகள் அதன் அழைப்பை ஏற்று அங்கு வந்தார்.

1944 மே மாதத்தில் இவ்வினா அரசாங்க சபையில் எழுந்தது. சிங்களத்தைப் போதனாமொழியாக்க வேண்டுமென ஜே. ஆர். ஜயவர்தனா பிரேரித்தார், தமிழையும் சேர்க்கவேண்டுமென வி. நல்லையா கொணர்ந்த திருத்தத்துடன் அது நிறைவேறியது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கும் தாய்மொழிவழி உயர்கல்வி எட்டும் நிலை உருவாயிற்று. இஃது ஐயத்திற்கிடமின்றி நீதியான மாற்றமே.

ஆயினும் ஒருவர் மொழியை மற்றவர் கற்கும் ஏற்பாடு அதனுடன் வேரூன்றவில்லை. சிங்களமொழி மாணவரும் தமிழ்மொழி மாணவரும் வெவ்வேறு வகுப்புகளில் வளர்ந்தனர். 1960களிற் பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களும் அவ்வாறே பிரிந்தன. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் நிலைமையை மேலும் கடினமாக்கிற்று. தமிழைக் கற்க வேண்டிய தேவை சிங்கள மாணவருக்கு இல்லாதொழிந்தது. அயலவர் மொழியென விரும்பிக் கற்கத்தக்க சிங்களம், தமிழருக்குத் திணிக்கப்பட்ட மொழியாகத் தோன்றிற்று. ஒருவரோடொருவர் உரையாட மொழியற்ற ஒரு தலைமுறை, 1983இல் மூண்ட போரினுட் புகுந்தது.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென ஏற்றது; ஆங்கிலம் இணைப்புமொழியாயிற்று. 2008இல் சமூக ஒருமைப்பாட்டுக்கும் சமாதானத்துக்குமான கல்விக் கொள்கையைக் கல்வி அமைச்சு வகுத்தது. அறுபதாண்டுகட்கு முன்னரே வேண்டப்பட்டவை இவை.

தாய்மொழிக் கல்வி இனங்களைப் பிரித்தது என்று முடிவுகட்டுவது தவறாகும். பிரித்தது, அதன் மறுபாதியாகிய அயல்மொழிக் கல்வியைக் கைவிட்டமையே. தன் மொழியில் உறுதியாக நிற்பவனே அச்சமின்றிப் பிறர் மொழியைக் கற்பான்; பிறர் மொழியைக் கற்றவனே அவர்தம் துயரையும் அவர்தம் மொழியிலேயே கேட்டறிவான்.