ஏடும் செயலியும்

ஓலைச்சுவடிகளைப் பேணிய முன்னோர் ஓர் உண்மையை நன்கறிந்திருந்தனர். எத்துணைப் பக்குவமாகப் பதப்படுத்தினும் செல்லும் ஈரமும் ஏட்டை ஒருநாள் அழித்தே தீரும். ஆகவே அது சிதையுமுன் புதிய ஏட்டிற் படியெடுத்தனர். 1894-இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிற் பதிப்பித்தபோது அவர் கைக்கு வந்தவை, இவ்வாறு கைமாறிப் பிழைத்த படிகளே. கணினிக் குறிப்பேடுகளின் குறுகிய வரலாறும் இதே சிக்கலைக் கொண்டதுதான்.

ஜெர்மானியச் சமூகவியலறிஞர் நிக்லாஸ் லூமான் 1950-களின் தொடக்கந்தொட்டுத் தாம் கற்றவற்றைச் சிறு தாள்களில் எழுதி, எண்ணிட்டு, ஒன்றோடொன்று தொடர்புறுத்திப் பெட்டிகளில் அடுக்கிவந்தார். அவை ஏறத்தாழ 90,000 தாள்கள். அவர் 1998-இல் மறைந்தார். 2011-இல் பீலஃபெல்டு பல்கலைக்கழகம் அவற்றைப் பெற்றது. அவற்றைப் படிக்கக் கண்ணும் ஜெர்மன் மொழியறிவும் போதும். கையெழுத்துப் பொறுமையைச் சற்றுச் சோதிக்கலாம், அவ்வளவே.

கணினிக் குறிப்பேடுகளின் கதை வேறு. மைக்ரோசாஃப்டின் ஒன்நோட் 2003-இலும், கூகுள் நோட்புக் 2006-இலும், எவர்நோட் 2008-இலும் பயன்பாட்டிற்கு வந்தன. இவற்றுள் கூகுள் நோட்புக் 2012-இல் மூடப்பட்டது. அதிலிருந்த குறிப்புகள் வேறொரு சேவைக்கு மாற்றப்பட்டன. எவர்நோட்டின் தலைவராயிருந்த ஃபில் லிபின், நூறாண்டு நிலைக்கும் நிறுவனத்தை அமைப்பதே தம் நோக்கம் என்று பேசிவந்தார். பதினைந்து ஆண்டுகள் நிறைவதற்குள் அது வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. 2023-இன் இறுதியில், கட்டணமின்றிப் பயன்படுத்துவோர்க்கு 50 குறிப்புகளே என வரம்பும் விதிக்கப்பட்டது. குறிப்புகளை வெளியே எடுத்துச்செல்லும் வழி அதில் இருந்தது என்பதையும் நடுநிலையோடு கூறவேண்டும்.

தமிழர்க்கு இத்துன்பம் புதிதன்று. 1990-களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. ஓர் ஆசிரியர் இரவெல்லாம் தட்டெழுதிய பாடக்குறிப்பு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகக் காட்சியளித்தது. இக்குழப்பத்திற்குத் தீர்வு காணும் முயற்சியாகவே 1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிற்று. 1991-இலேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றிருப்பினும், அது எங்கும் பரவ நெடுங்காலம் பிடித்தது. மாற்றப்படாத பழைய கோப்புகளில் எத்தனை கதைகளும் கட்டுரைகளும் உறங்குகின்றனவோ!

2020-இல் வெளிவந்த அப்சிடியன் போன்ற செயலிகள், குறிப்புகளைப் பயனாளரின் கணினியிலேயே எளிய உரைக் கோப்புகளாக வைக்கின்றன. செயலி மறைந்தாலும் கோப்பு வேறெதிலும் திறக்கும். ஆயினும் கணினி பழுதுற்றால் கோப்பும் போகும். மறுபடி வைத்துக்கொள்ளும் பொறுப்பு உரியவரையே சாரும். அலுவலகத்திற் பலர் கூடி எழுதும் குறிப்பிற்கு இம்முறை அத்துணை வசதியன்று. அங்கே ஒன்நோட் போன்றவையே கைகொடுக்கும்.

புதிய செயலியைத் தேர்வோர் வண்ணத்தையும் பொத்தான்களையும் பார்க்குமுன், ஒரு தமிழ்க் குறிப்பை அதில் எழுதி, வெளியே எடுத்து, வேறொரு கருவியில் திறந்து பார்க்கலாம். அதற்குக் கால்மணி நேரம் போதும்.