நீலகிரித் தோடர்களின் எருமை மேய்ச்சலும் மேய்ப்பர் பயிற்சியும்

தோடர்கள் நீலகிரி மலையின் உச்சிப் பகுதியில் வாழும் தொல்குடியினர் ஆவர். இவர்களின் மரபுத் தொழில் எருமை வளர்ப்பு. இவர்களின் குடியிருப்பு மந்து எனப்படும். ஊட்டியை ஆங்கிலேயர் 'ஊட்டகமண்ட்' என்று எழுதியதில் கடைசியில் நிற்பது இந்த மந்துதான். பெரும்பாலும் மரக்கறி உணவினரான தோடர்கள், பாலையும் நெய்யையும் கொடுத்துப் படகர்களிடமிருந்து தானியமும் கோத்தர்களிடமிருந்து மண்பாண்டமும் இரும்புக் கருவிகளும் பெற்று வாழ்ந்தனர்.

பள்ளிப் பாடநூல்கள் தோடர்களின் வளைந்த கூரை வீட்டையும், 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அவர்களின் பூத்தையலையும் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. ஒரு தோடச் சிறுவன் மேய்ப்பனாக எப்படி ஆனான், அந்தக் கல்வி மலைக்கு என்ன செய்தது என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

பால்மனையில் பயிற்சி

தோடர்களின் கோயில் என்பது ஒரு பால்மனை. அங்கே தனிச்சிலை வழிபாடு கிடையாது. பால் கறப்பதும், உறைய வைப்பதும், வெண்ணெய் எடுப்பதுமே அங்கு நடக்கும் பூசை. 1901-02-இல் நீலகிரியில் தங்கி ஆய்வு செய்த ஆங்கிலேய அறிஞர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், 1906-இல் வெளியிட்ட தம் நூலில் இந்த முறைகளை மிக விரிவாகப் பதிவு செய்துள்ளார். அப்போது தோடர்களின் தொகை ஏறத்தாழ 800 மட்டுமே.

எருமைகளில் வீட்டு எருமை, புனித எருமை என்ற பிரிவு உண்டு. புனித எருமைகளுள்ளும் படிநிலைகள் உண்டு. அதற்கேற்பப் பால்மனைகளும் படிநிலை கொண்டவை. மிக உயர்ந்த பால்மனையின் பூசாரி பலோல் எனப்பட்டார். அவருக்கு உதவியாக கல்ட்மோக் என்னும் சிறுவன் இருந்தான். சடங்குடன் பணியில் அமர்த்தப்பட்ட அவன், மந்தையைக் கவனிப்பதிலும் அன்றாட வேலைகளிலும் பலோலுக்குத் துணை நின்றான். எழுத்தில்லாத பாடம் அது. பார்த்தும் செய்தும் கற்க வேண்டும்.

பலோல் பதவி எளிதானதன்று. பணியிலிருக்கும் காலம் முழுவதும் இல்லற வாழ்வு கூடாது. சந்தைக்குப் போகக்கூடாது. உறவினர் இறந்தால்கூடச் சாவுச் சடங்கிற்குச் செல்ல வேண்டுமானால் பதவியைத் துறக்க வேண்டும். தோடர்களுள் தர்தர், தெய்வலி என இரு பெரும் பிரிவுகள் உண்டு. உயர்ந்த புனித மந்தைகளின் உரிமை தர்தர் குலங்களுக்கு. ஆனால் அவற்றைப் பேணும் பலோல் தெய்வலிப் பிரிவினராகவே இருக்க வேண்டும். சொத்து ஒருவரிடம், பொறுப்பு வேறொருவரிடம். இவ்வளவு துறவையும் ஓர் இளைஞன் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், அந்தச் சமூகத்தில் அதைவிட மதிப்பான பணி வேறு இல்லை என்பதே. பெண்களுக்கு இந்தக் கல்வி மறுக்கப்பட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவர்கள் பால்மனைக்குள் நுழைவதும் இல்லை.

பால்மனையில் மிகக் கவனமாகக் காக்கப்பட்டது உறைமோர். அதைத் தோடர்கள் பெப் என்றனர். நேற்றைய மோரால் இன்றைய பால் உறைய, இன்றைய மோரால் நாளைய பால் உறையும். தொடர்ச்சி அறுந்துவிட்டால் புதிதாகத் தொடங்கத் தனிச் சடங்கு தேவைப்பட்டது. எருமை ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. மேய்ப்பன் பெயர் சொல்லியே அழைப்பான்.

புல்வெளியின் கணக்கு

நீலகிரியின் மேற்பகுதி சோலைக்காடும் புல்வெளியும் கலந்த நிலம். மடிப்புகளில் சோலை, திறந்த சரிவுகளில் புல். காட்டை எரித்தே மனிதர் இந்தப் புல்வெளியை உண்டாக்கினர் என்று முன்பு சிலர் கருதினர். மலையின் சதுப்பு நிலக் கரிமண்ணை ஆராய்ந்தபோது, 20,000 ஆண்டுகளுக்கும் முன்பே இங்கே புல் இருந்தது தெரியவந்தது.

தோடர்கள் மந்தையை ஒரே இடத்தில் கட்டிப்போடவில்லை. வறண்ட மாதங்களில் மேற்கிலுள்ள குந்தாப் புல்வெளிகளுக்கு மந்தையோடு குடிபெயர்ந்து, மழைக்காலம் நெருங்கும்போது திரும்பினர். இடையில் மேய்ந்த நிலம் ஓய்வெடுத்தது. முற்றிக் காய்ந்த புல்லைக் கோடையில் மேலோட்டமாக எரிப்பதும் உண்டு. எந்தச் சரிவை எப்போது விட்டுவிட வேண்டும் என்பது மேய்ப்பன் கற்க வேண்டிய கணக்கு. பால்மனைக் கூரை வேய்வதற்குச் சதுப்பில் மட்டும் வளரும் ஒரு புல் வேண்டும். தாவரவியல் அறிஞர் ரங்காச்சாரியின் பெயரை அறிவியல் பெயரில் தாங்கும் புல் அது. சதுப்பு வற்றினால் கோயிலுக்குக் கூரை இல்லை.

குறுகிய காலம் மேய்த்து நீண்ட ஓய்வு கொடுக்கும் இம்முறையை இன்று உலகின் பல நாடுகளில் 'மீளுருவாக்க மேய்ச்சல்' என்கின்றனர். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், பண்ணைப் பின்னணியே இல்லாத இளைஞர்கள் இதைக் கற்கப் பல மாதங்கள் மாட்டுப் பண்ணைகளில் தங்குகின்றனர். நகர வேலையில் கிடைக்காத பிடிப்பைத் தேடி வருபவர்கள் அவர்களில் பலர். ஜிம்பாப்வேயின் ஆலன் சேவரி இம்முறையின் பெயர்பெற்ற பரப்புரையாளர். பாலைநிலத்தையே மீட்கலாம் என்ற அவரது வாதத்தை அறிவியலாளர் பலர் ஏற்கவில்லை. எந்த நிலத்திற்கு எது பொருந்தும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தவர்களிடம் கேட்பதே முறை.

தரிசு என்ற பெயர்

நீலகிரியில் அப்படிக் கேட்கப்படவில்லை. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்தார். நிலம் தோடர்களுடையது என்று வாதிட்ட சில அதிகாரிகளுள் அவரும் ஒருவர். ஆனால் நிர்வாகத்தின் கண்ணுக்கு மரமில்லாத இடம் வெற்றிடமாகவே தெரிந்தது. கற்பூர மரமும் சீகை மரமும் 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. விடுதலைக்குப் பின், தோல் பதனிடும் பட்டைக்காகவும் சிறுமுகையில் ரேயான் தயாரித்த ஆலையின் மரக்கூழுக்காகவும் புல்வெளிகள் மரத்தோட்டங்களாக மாற்றப்பட்டன. மேல்பவானி, அவலாஞ்சி, எமரால்டு அணைகளில் மேய்ச்சல் நிலங்கள் மூழ்கின. தேயிலையும் உருளைக்கிழங்கும் தம் பங்கை எடுத்துக்கொண்டன. எஞ்சிய பெரும் புல்வெளியான முக்கூர்த்தி, 1982-இல் வரையாடுகளுக்கான சரணாலயமாகி 1990-இல் தேசியப் பூங்கா ஆனது. வரையாட்டைக் காத்தது சரியே. அதே வேலி எருமையையும் வெளியே நிறுத்தியது.

மேய்ச்சல் நிலம் சுருங்க மந்தையும் சுருங்கியது. சாம்பல், பழுப்பு நிறமும் பிறைபோல் விரிந்த கொம்பும் கொண்ட தோடா எருமை, இன்று நாட்டின் மிகச் சிறிய எருமை இனங்களுள் ஒன்று. ஊட்டியை அடுத்த சாண்டிநல்லாவிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு மந்தை பேணப்படுகிறது. பலோலும் கல்ட்மோக்கும் பணிபுரிந்த உயர்ந்த பால்மனைகள் இன்று இயங்கவில்லை. கீழ்நிலைப் பால்மனைகள் சில மந்துகளில் தொடர்கின்றன. இளைஞர்கள் படித்து அரசு வேலைக்கும் வெளியூருக்கும் செல்கின்றனர். அதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

மீட்பு வேலையும் தொடங்கியுள்ளது. ஊட்டியைச் சேர்ந்த பல் மருத்துவரும் தோடர் ஆய்வாளருமான தருண் சாப்ரா, தோடர்களுடன் சேர்ந்து புல்வெளி மீட்பில் ஈடுபட்டுவருகிறார். வனத்துறையும் சீகை மரங்களை அகற்றுகிறது. மரத்தை வெட்டினால் வேலை முடிவதில்லை. சீகை விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டிய இடத்தில் ஆண்டுதோறும் முளைக்கும் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும்; நாட்டுப் புல்லைத் தூர் தூராகப் பிரித்து நட வேண்டும். எந்தப் புல் சரிவுக்கு, எந்தப் புல் சதுப்புக்கு என்று பெயரோடு சொல்லத் தெரிந்தவர்கள் மந்துகளில் மூத்தவர்களே. நட்ட புல் இடுப்பளவு வளர்ந்து நிற்கும் சரிவுகளில் அதை மேய எருமை எங்கே என்பது அவர்கள் கேட்கும் கேள்வி.