நடுவே ஒரு தகடு

சரித்திரம் என்றதும் நமக்கு ராஜாக்களும் கோட்டைகளுந்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. லாரிக்கும் சரித்திரம் உண்டு என்றால் சிலர் சிரிக்கக்கூடும். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து ஜனங்கள் சிரிக்க மாட்டார்கள். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் பெருஞ்சாலை பெரம்பலூர் வழியாகத்தான் போகிறது. அரியலூர்ச் சீமையில் பூமியைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல். 1939-ல் டால்மியாபுரத்தில் சிமெண்டு ஆலை வந்தது. பிற்பாடு அரியலூரைச் சுற்றியும் ஆலைகள் எழுந்தன. கல்லைச் சுமந்தும் சிமெண்டைச் சுமந்தும் அந்த ஊர்களுக்குச் சோறு போட்டது லாரி.

அந்த லாரிகளின் கதையில் ஓர் இரும்புத் தகட்டுக்கும் பங்கு உண்டு. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்ததும் பட்டாளத்து லாரிகள் ஏராளமாக விலைக்கு வந்தன. செவர்லே, ஃபோர்டு என்று பெரும்பாலும் பெட்ரோல் வண்டிகள். வண்டி மலிவு, அதற்குத் தீனி போடுவதுதான் கஷ்டம். பெட்ரோலை விட டீசல் மலிவு. ஒரு காலனுக்கு ஓடும் தூரமும் அதிகம். எனவே, நல்ல சேஸிஸை வைத்துக்கொண்டு என்ஜினை மட்டும் மாற்றினால் என்ன என்ற யோசனை பிறந்தது.

இந்த யோசனை நம்மவர்களுக்கு மட்டும் தோன்றியதல்ல. இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரில் 1932-ல் கம்பெனி தொடங்கிய ஃபிராங்க் பெர்கின்ஸ் என்பவர், பெட்ரோல் என்ஜின் இருக்கும் இடத்தில் உட்காரக்கூடிய, வேகமாகச் சுழலும் டீசல் என்ஜின் வேண்டும் என்று பாடுபட்டவர். 1930-களின் பிற்பகுதியில் அவருடைய ஆறு சிலிண்டர் 'பி-6' என்ஜின் வெளிவந்தது. சென்னையில் 1840-ல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய சிம்ப்ஸன் கம்பெனி, 1950-களில் பெர்கின்ஸ் என்ஜின்களைத் தயாரிக்க முற்பட்டது. பெட்ரோல் லாரிகள் பல, இப்படி டீசலுக்கு மாறின. 1973-ல் அரபு நாடுகளின் யுத்தத்தை ஒட்டி எண்ணெய் விலை ஒரேயடியாக ஏறியபோது, மிச்சம் இருந்த பெட்ரோல் வண்டிகளின் சொந்தக்காரர்களும் பழைய டீசல் என்ஜினைத் தேடிப் புறப்பட்டார்கள்.

என்ஜின் கிடைத்துவிடும். அதை வண்டியில் இருக்கும் கியர் பாக்ஸுடன் சேர்ப்பதில்தான் வம்பு. என்ஜினின் பின்முகத்தில் போல்ட்டு துவாரங்கள் ஒரு வட்டத்தில் இருக்கும். கியர் பாக்ஸின் பெல் ஹவுசிங்கில் வேறொரு வட்டத்தில் இருக்கும். உலகத்தில் இதற்கு அளவுத் திட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்க மோட்டார் என்ஜினீயர்கள் சங்கத்தார் வட்டங்களுக்கு நம்பர் போட்டே வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நம்பர் என்றால் 16⅛ அங்குலத் துவாரம், சுற்றிலும் 12 போல்ட்டு. ஆனால் லாரிக் கம்பெனிகள் பல, தங்கள் சொந்த அளவிலேயே செய்துகொண்டன. கம்பெனியில் புது என்ஜின் வாங்கினால், மாற்றுவதற்கான சாமான்களும் கூடவே கிடைக்கும். பழைய என்ஜின் வாங்கியவனுக்குப் பட்டறையே கதி.

பட்டறையில் ஒரு கனத்த இரும்புத் தகட்டை வெட்டி, ஒரு புறம் என்ஜினுக்கும் மறு புறம் கியர் பாக்ஸுக்கும் பொருந்தத் துளை போடுவார்கள். அதுதான் அடாப்டர் பிளேட். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் என்ஜினின் கிராங்க் ஷாப்டும் கியர் பாக்ஸின் முன் ஷாப்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். அந்த முன் ஷாப்டின் நுனி, கிராங்க் ஷாப்டின் நடுவில் உள்ள சிறு பேரிங்கில் போய் உட்கார வேண்டும். தகட்டின் கனம் கூடினால் நுனி எட்டாது, குறைந்தால் முட்டும். அங்குலத்தை ஆயிரம் கூறாக்கி, அதில் பத்துக் கூறு மையம் விலகினாலும் ஆபத்துதான். கிளட்ச் தேயும், பேரிங் அலறும், இறக்கத்தில் பாரத்தோடு வரும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலில் விழும். அப்போது பாரத்தையெல்லாம் பிரேக் ஒன்றேதான் தாங்க வேண்டும். இத்தனையும் முதல் நாள் தெரியாது. அதுதான் விபரீதம்.

பெரம்பலூரில் சாலையோரப் பட்டறை ஒன்றில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். 1974 வாக்கில் அவர் அங்கே கையாள் பையன். ஒரு பழைய லாரிக்கு டீசல் என்ஜின் ஏற்றும் வேலை வந்தது. காட்டை அடகு வைத்து என்ஜின் வாங்கியவர் அதன் சொந்தக்காரர். மறுநாள் அரியலூரில் கல் லோடு ஏற்ற வேண்டும். பையன் பெல் ஹவுசிங்கின் முகத்தில் தாளை வைத்து, கிரீஸ் கையால் தேய்த்து அச்சு எடுத்து, அதைப் பார்த்தே தகட்டில் துளை போட்டுவிட்டான். போல்ட்டுகள் எல்லாம் ஏறின. வண்டியும் ஓடியது.

ஆனால் மேஸ்திரிக்குச் சத்தம் பிடிக்கவில்லை. கியர் பாக்ஸை இறக்கச் சொன்னார். பிளைவீலில் டயல் கேஜைப் பொருத்திக் கையால் மெல்லச் சுற்றினார். முள் இருபது கூறு ஆடியது.

"வண்டி ஓடுதுல்ல மேஸ்திரி? விட்டுடுங்க. நாளைக்கு லோடு போச்சுன்னா யார் தருவாங்க?" என்றார் சொந்தக்காரர்.

"ஓடுங்க. எதுவரைக்கும் ஓடும்னுதான் தெரியாது. ஓட்டறவனும் பிள்ளைகுட்டிக்காரன்."

ராத்திரியோடு ராத்திரியாகப் புதுத் தகடு தயாராயிற்று. இம்முறை முதலில் மையம் பார்த்து, அது விலகாமலிருக்க முளைகள் அடித்து, அதற்குப் பிறகுதான் போல்ட்டு முடுக்கினார்கள். இரும்பின் விலை மேஸ்திரி தலையில். ஒரு நாள் தாமதத்துக்காகச் சொந்தக்காரர் கூலியிலும் பிடித்துக்கொண்டார்.

"உங்களை அடித்தாரா, ஐயா?" என்று கேட்டேன்.

"இல்லை தம்பி. பழைய தகட்டை என் கையிலே கொடுத்து, 'வச்சுக்கோ'ன்னார். அடிச்சிருந்தா மறந்திருப்பேன்."

அந்தத் தகடு இப்போது எங்கே என்று விசாரித்தேன். பட்டறை இடம் மாறியபோது எடைக்குப் போய்விட்டதாம். வண்டியில் இருந்த நல்ல தகடும் வண்டியோடு என்றோ உடைப்புக்குப் போயிருக்கும். பெரம்பலூருக்கு அருகே சாத்தனூரில் பன்னிரண்டு கோடி வருஷத்துக் கல்மரத்தை வேலி போட்டுக் காக்கிறோம், காக்க வேண்டியதுதான். ஐம்பது வருஷத்து இரும்புக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

லாரியின் ஆர்.சி. புஸ்தகத்தில் என்ஜின் நம்பருக்கு ஓர் இடம் உண்டு. சேஸிஸ் நம்பருக்கு ஓர் இடம் உண்டு. இரண்டையும் சேர்த்து வைத்த தகட்டுக்கு இடம் இல்லை. அந்த மேஸ்திரியின் பெயரும் எதிலும் ஏறவில்லை. அரியலூர் இறக்கத்தில் அன்றைக்கு அந்தக் கியர் கழலவில்லை. டிரைவர் வீடு போய்ச் சேர்ந்தான். அவ்வளவுதான் அவருடைய சரித்திரம்.