காவிரிப் படுகையில் இணையவழித் தொடக்கக் கல்வி

காவிரிப் படுகையில் இணையவழித் தொடக்கக் கல்வி என்பது, கோவிட்-19 பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டிருந்த 2020–2022 காலப்பகுதியில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்களில் 1 முதல் 5 வரையான வகுப்புகளுக்குத் தொலைவிலிருந்து பாடம் நடத்தப்பட்டதைக் குறிக்கும். தனியார் பள்ளிகளில் இது பெரும்பாலும் நிகழ்படக் கூட்டங்களாக அமைந்தது. அரசுப் பள்ளிகளில் தொலைக்காட்சி, வாட்சப் குழு, பாடநூல் ஆகியவையே முதன்மை வழிகளாக இருந்தன.

பின்னணி

தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளிகள் 2020 மார்ச்சு நடுப்பகுதியில் மூடப்பட்டன. 1 முதல் 8 வரையான வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்ட நாள் 2021 நவம்பர் 1 ஆகும். 2022 சனவரியில் மீண்டும் மூடப்பட்டுப் பெப்ரவரி 1 அன்று திறக்கப்பட்டன. இதனால் 2020-இல் முதலாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, வகுப்பறையில் முதன்முதலாக அமர்ந்தபோது இரண்டாம் வகுப்பு மாணவராக இருந்தது.

கல்வித் தொலைக்காட்சி பெருந்தொற்றுக்கு முன்னரே, 2019 ஆகத்து 26 அன்று தொடங்கப்பட்டிருந்தது. 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. இவற்றைத் திறன்பேசியால் வருடி, திக்சா தளத்தில் உள்ள நிகழ்படப் பாடங்களைக் காண முடிந்தது. எனவே பாடப்பொருள் ஓரளவு ஆயத்தமாகவே இருந்தது. அதனைக் காண்பதற்கான கருவி எல்லா வீடுகளிலும் இருக்கவில்லை.

நேர வரையறை

நடுவண் அரசு 2020 சூலை 14 அன்று வெளியிட்ட 'பிரக்யதா' வழிகாட்டு நெறிமுறைகள் திரை முன் செலவிடும் நேரத்தை வரையறுத்தன.

- மழலையர் வகுப்பு: பெற்றோருக்கு வழிகாட்டும் வகையில் நாளொன்றுக்கு 30 நிமிடங்களுக்கு மிகாமல்
- 1 முதல் 8 வரையான வகுப்புகள்: 30 முதல் 45 நிமிடங்கள் கொண்ட இரு அமர்வுகளுக்கு மிகாமல்

வகுப்பு நடைபெற்ற முறை

நிகழ்பட வகுப்புகளுக்குச் சூம், கூகுள் மீட் போன்ற செயலிகள் பயன்பட்டன. இவை அலுவலகக் கூட்டங்களுக்காக வடிவமைக்கப்பட்டவை. ஒருவர் பேசப் பிறர் கேட்பது என்பதே இவற்றின் அடிப்படை. தொடக்க வகுப்போ ஆசிரியர் சொல்ல எல்லோரும் சேர்ந்து சொல்வதில் இயங்குவது. இந்த வேறுபாட்டால் பின்வரும் இடர்கள் தோன்றின.

- கூட்டொலிப்பு: ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒலி வந்து சேரும் காலத்தாழ்வு வேறுபடும். மேலும், செயலி ஓங்கி ஒலிக்கும் குரலை முன்னிறுத்திப் பிறவற்றைத் தாழ்த்தும். ஆகவே வாய்ப்பாட்டையோ பாடலையோ ஒரே குரலில் சொல்ல இயலாது. ஒலிவாங்கிகளை அணைத்துவிட்டு ஒருவர் பின் ஒருவராகச் சொல்லச் செய்தால், பிறர் காத்திருக்க நேரிடும்.
- ஒலிப்பு வேறுபாடு: ல, ள, ழ மற்றும் ந, ன, ண ஆகியவற்றை நாவின் நிலையைக் காட்டியே கற்பிப்பர். சிறு திரையிலும் இறுக்கப்பட்ட ஒலியிலும் இவ்வேறுபாடு மங்கும்.
- எழுத்துப் பயிற்சி: எழுதி முடித்த எழுத்தை ஒளிப்படக் கருவியில் காட்டலாம். கை எங்கே தொடங்கி எங்கே சுழித்தது என்பதை ஆசிரியர் காண இயலாது. தன் படம் தனக்குக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் தோன்றுவதும் எழுத்துப் பழகும் குழந்தையைக் குழப்பியது.
- தரவுச் செலவு: நிகழ்படத்தின் தரத்தைப் பொறுத்து ஒரு மணி நேரத்திற்குப் பல நூறு மெகாபைட்டுகள் தேவைப்படும். உடன்பிறந்தோர் இருவருக்கு ஒரே நேரத்தில் வகுப்பு இருந்தால் கருவியும் இரண்டு வேண்டும்.

வேளாண் பருவமும் நகர்பேசியும்

நடுவண் அரசின் கணக்கெடுப்பு அல்லாத, 'அசர்' எனப்படும் தன்னார்வ ஆய்வின்படி, இந்திய ஊரகங்களில் பள்ளிக் குழந்தைகள் உள்ள வீடுகளில் திறன்பேசி வைத்திருந்தவை 2018-இல் 36.5 விழுக்காடு, 2020-இல் 61.8 விழுக்காடு. ஆயினும் வீட்டில் திறன்பேசி இருப்பதும் அது பகலில் குழந்தையின் கையில் இருப்பதும் ஒன்றல்ல.

2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் மேட்டூர் அணை வழக்கமான நாளான சூன் 12 அன்று பாசனத்திற்குத் திறக்கப்பட்டது. பள்ளி ஆண்டு தொடங்கும் சூன் மாதமே குறுவைப் பணிகள் தொடங்கும் மாதமும் ஆகும். நாற்றங்கால், நடவு, களையெடுப்பு ஆகிய வேலைகளுக்குச் செல்லும் பெற்றோருடன் வீட்டின் ஒரே நகர்பேசியும் வயலுக்குச் செல்லும். இத்தகைய வீடுகளுக்குக் காலை 10 மணி நிகழ்படக் கூட்டத்தைவிட, மாலையில் திறந்து பார்க்கக்கூடிய வாட்சப் குரல் பதிவும் வீட்டுப்பாட ஒளிப்படமும் பொருத்தமாக இருந்தன.

மதிய உணவு

1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் பள்ளிக்கு வருகையோடு இணைந்தது. வகுப்பு திரைக்கு மாறியபோது சமைத்த உணவு நின்றது. மாற்றாக அரிசி, பருப்பு முதலிய உலர் பொருட்கள் வழங்கப்பட்டன. இவற்றையும் விலையில்லாப் பாடநூல்களையும் பெறப் பெற்றோர் பள்ளிக்கு வந்த நாட்கள், ஆசிரியர்கள் குழந்தைகளின் நிலையை நேரில் கேட்டறியும் வாய்ப்பாகவும் அமைந்தன.

இல்லம் தேடிக் கல்வி

கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாடு அரசு 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இத்திட்டத்தைத் தொடங்கியது. முதற்கட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 12 மாவட்டங்களுள் தஞ்சாவூரும் நாகப்பட்டினமும் அடங்கும். தன்னார்வலர்கள் மாலை 5 முதல் 7 மணி வரை, தத்தம் தெருவில் உள்ள குழந்தைகளைச் சிறு குழுவாக அமர்த்திக் கற்பித்தனர். தொடக்க வகுப்புகளுக்குக் கற்பிக்கப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி தகுதியாகக் கொள்ளப்பட்டது. மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய்.

விளைவுகள்

தமிழ்நாட்டு ஊரகங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளிடம் அபிசித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் ஆய்வு நடத்தினர். 2021 திசம்பரில் சோதிக்கப்பட்ட குழந்தைகள், 2019-இல் அதே ஊர்களில் அதே அகவையில் இருந்தோரைவிடக் கணக்கிலும் மொழியிலும் பின்தங்கியிருந்தனர்; கணக்கில் இழப்பு மிகுதி. பள்ளி திறந்த ஆறு மாதங்களில் இவ்விழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டது. இம்மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் விளைந்தது என ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

2022 சூனில், 1 முதல் 3 வரையான வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. திரையில் தொடங்கிய அகவையினரை எழுத்தறிவின் முதற்படியிலிருந்து மீண்டும் அழைத்துச் செல்வது இதன் நோக்கங்களுள் ஒன்றாகும்.

இவற்றையும் பார்க்க

- கல்வித் தொலைக்காட்சி
- இல்லம் தேடிக் கல்வி
- எண்ணும் எழுத்தும் திட்டம்
- குறுவை சாகுபடி