விழுந்த பழம் யாருக்கு?

படப்பை என்ற சொல்லுக்குச் சங்கப் பாடல்களில் தோட்டம், கொல்லை என்று பொருள். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் பஸ் கண்டக்டர் கூவும் பெயராக மட்டுமே அதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, இந்தப் பொருள் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிய வந்தது. அர்த்தம் கிடைத்த சில வருஷங்களில் கொல்லை போய்விட்டது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட்–நிஸான் ஆலை திறக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் எங்கள் கொல்லை மனைகளாகப் பிரிந்தது. அதில் நின்ற மாமரம் விறகாயிற்று. மரத்துக்கு ஒப்பாரி வைப்பதில் எனக்கு ஆர்வமில்லை. அந்த மரத்துக்கு ஏன் பெயரே இல்லாமல் போயிற்று என்பதுதான் என் கேள்வி.

பழக்கடையில் எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. சீசனைத் தொடங்கிவைக்கிற செந்தூரா. நாரில்லாமல், வெட்டித் தின்ன வாகான பங்கனப்பள்ளி. ஆப்பிள்போல உருண்டு, மெல்லிய தோலுக்குள் சாறு நிறைந்த ருமானி. சதைப்பற்றும் மணமும் கொண்ட மல்கோவா. எல்லாம் ஓய்ந்த பின் வந்து நாள்பட நிற்கிற நீலம், பல சமயம் கொட்டைக்குள் வண்டோடு. கிளிமூக்கு பழுப்பதற்கு முன்பே உப்பு மிளகாய்த்தூளோடு பள்ளிக்கூட வாசலில் தீர்ந்துவிடும். கிருஷ்ணகிரிப் பக்கம் அது கூழ் ஆலைகளின் கச்சாப்பொருள்.

எங்கள் மரத்தின் காய்க்கு இந்த வரிசையில் இடமில்லை. ஆயா அதைப் ‘புளிச்ச மரம்’ என்பாள், அவ்வளவுதான். பழுத்தால் ஒரே நார். கடிக்க முடியாது, சப்பத்தான் வேண்டும். ஆனால் வருஷம் முழுக்க அது வீட்டில் இருந்தது: பிஞ்சில் மாவடு, காயில் கருவாட்டுக் குழம்பு, வெயிலில் உலர்ந்த வற்றல், வயிற்றுப்போக்குக்குக் கொட்டைப் பருப்பு.

மாங்கொட்டையை நட்டால் தாய்மரத்தின் பழமே வரும் என்பதில்லை. மேற்குக் கரையோரத்தின் சில ரகங்கள் நீங்கலாக, நம் மாங்கொட்டையில் பொதுவாக இருப்பது மகரந்தக் கலப்பில் உண்டான ஒற்றைக் கரு. ஆகவே நாட்டு மரம் ஒவ்வொன்றும் தனி ரகம். ஒரே ருசியைத் திரும்பத் திரும்ப உண்டாக்க வேண்டுமானால் ஒட்டுக்கட்ட வேண்டும். ஒரே பொருளை லட்சம் தடவை செய்கிற வேலை ஒரகடத்தில் தொடங்கியதென்று நினைக்க வேண்டியதில்லை. ஒட்டுமா அதை நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டது. அப்படிப் பெருக்கிச் சந்தைக்கு அனுப்பும்போதுதான் பெயர் தேவைப்படுகிறது.

பெயர்களைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். கோவாவில் போர்த்துகீசியர் காலத்தில் ஒட்டுக்கலை செழித்தது. அல்போன்சா என்ற பழம் கோவாவைப் பிடித்த அபோன்சோ த அல்புகர்க்கின் பெயரைச் சுமக்கிறது. பங்கனப்பள்ளி ஒரு சமஸ்தானம். 2017இல் அப்பெயர் ஆந்திரத்தின் புவிசார் குறியீடாகவும் ஆயிற்று. இமாம்பசந்த் என்றால் இமாமுக்குப் பிடித்தது. 1889இல் அமெரிக்க விவசாயத் துறை இந்தியாவிலிருந்து தருவித்த முல்கோபாவின் கொட்டை ஒன்று ஃபுளோரிடாவில் முளைத்தபோது, அந்தக் கன்று அதை நட்ட முன்னாள் படை அதிகாரி ஹேடனின் பெயரைப் பெற்றது. ஆக, இந்தப் பெயர்கள் ருசியைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. பழம் யார் கைக்குப் போயிற்று என்பதைச் சொல்கின்றன. எங்கும் போகாத பழத்துக்குப் பெயர் எதற்கு?

உடைமை என்று வரும்போது நன்னன் கதையைத் தவிர்க்க முடியாது. அவனுடைய காவல்மரத்தின் மாங்காய் ஒன்று நீரில் மிதந்து வந்தது. குளிக்கப் போன பெண் அதை எடுத்துத் தின்றாள். 81 யானைகளையும் அவள் எடைக்குப் பொன்பாவையையும் தருகிறோம் என்று உறவினர் மன்றாடியும் கேளாமல் நன்னன் அவளைக் கொன்றான். குறுந்தொகையில் பரணர் இதைப் பதிவு செய்கிறார். மரத்திலிருந்து பறித்த காய்கூட அல்ல, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த காய். விழுந்த பிறகும் அதிகாரம் பழத்தை விடுவதில்லை.

ஆயாவின் சட்டம் வேறு. கிளையில் இருப்பது நம்முடையது. காற்றில் விழுந்தது எடுத்தவருடையது. “வுழுந்ததுக்கு இன்னாடா கணக்கு?” என்பாள். இதோடு நிறுத்திக்கொண்டால் ஆயா நன்னனுக்கு எதிர்நிலையாகிவிடுவாள், கட்டுரையும் அழகாக முடியும். ஆனால் காலனிப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே விழுந்ததைத்தான் பொறுக்கினார்கள். உள்ளே விழுந்ததை ஆயா பொறுக்கி வேலிக்கு மேலாக வீசுவாள், கை படாமல். அந்தப் பொதுமைக்கும் ஒரு முள்வேலி இருந்தது. நாட்டு மரத்தைப் பொற்காலமாக எழுதுகிறவர்கள் இந்த வேலியை எங்கே வைப்பார்கள்?

அரசு மரத்தை வேறு விதமாகப் பார்த்தது. 1767க்கும் 1774க்கும் இடையில் தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டு ஜாகீரின் ஏறக்குறைய 2,000 ஊர்களை அளந்தபோது, தோப்பும் ஒரு நிலவகையாகக் கணக்கில் ஏறியது. பரப்புக் கணக்கில் தோப்பு தெரியும், தனிமரம் தெரியாது. வருவாய்த்துறையில் 2சி பட்டா என்று ஒன்று உண்டு: புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பலனை மட்டும் அனுபவிக்கும் உரிமை, நிலம் அரசுக்கு. நிலமில்லாதவருக்கும் மரம் இருக்கலாம் என்று காகிதத்தில் ஒப்புக்கொண்ட அபூர்வமான இடம் இது. மனைப்பிரிவில் இதற்கு இடமே கிடையாது. அங்கே மண்ணுக்குச் சதுரஅடி விலை. மரம் அதன்மேல் நிற்கிற இடைஞ்சல்.

பக்கத்தில் காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்துக்கு நான்கு கிளை, நான்கு ருசி, அவை நான்கு வேதங்கள் என்பது தலமரபு. புளிப்பும் இனிப்பும் ஒரே மரத்தில் நிற்கலாம் என்று அங்கே ஏற்கப்பட்டிருக்கிறது. மதிலுக்குள் இருந்த பன்மை வேதமாயிற்று. மதிலுக்கு வெளியே, கொல்லைகளில் இருந்த பன்மை புளிச்ச மரமாயிற்று.

எனக்கும் ருமானி பிடிக்கும். ஒட்டுமாவின்மேல் எனக்குப் பகையில்லை. போன வருஷம் கன்று வாங்க ஒரு நர்சரிக்குப் போனேன். பங்கனப்பள்ளி என்று கொடுத்தார்கள். அடித்தண்டில் ஒட்டுக்கட்டிய தழும்பு தெரிந்தது. அதற்குக் கீழே இருப்பது நாட்டு மாங்கொட்டையில் முளைத்த செடி. வறட்சியைத் தாங்கி மண்ணில் ஊன்றி நிற்க வேர் நாட்டுடையது. பழமும் பெயரும் மேலே இருப்பதுடையது. “தழும்புக்குக் கீழ துளிர் வந்தா கிள்ளிடுங்க சார், அது நாட்டு. வுட்டா மேல இருக்கறத சாப்ட்டுடும்” என்றார் நர்சரிக்காரர்.

பெயரில்லாத மரம் முழுதாக அழிந்துவிடவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. பெயருள்ள ஒவ்வொரு மரத்துக்கும் கீழே, துளிர்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, அது வேலை செய்துகொண்டிருக்கிறது. கன்றை வீட்டுக்குப் பின்னால் வைத்தேன். தழும்புக்குக் கீழே ஒரு துளிர் வந்திருக்கிறது. கிள்ளத்தான் வேண்டும். இன்னும் கிள்ளவில்லை.