மறுபடியும் பழவேற்காடா?

"இந்த லீவுக்காவது வேற எங்கயாவது போலாமே" என்று வீட்டில் சொன்னார்கள். நியாயம்தான். பொன்னேரி வழியாக இந்த ஏரிக்கு எத்தனை தடவை வந்திருப்போம் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். பூநாரைகளுக்கே எங்களை அடையாளம் தெரிந்திருக்கும்.

இதே பிரச்சினை டச்சுக்காரர்களுக்கும் இருந்தது. 1610ல் விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி வாங்கி இங்கே பண்டகசாலை போட்டார்கள். 1612ல் சாந்தோமிலிருந்து போர்த்துகீசியர்கள் வந்து அதை அழித்தார்கள். டச்சுக்காரர்கள் இடத்தை மாற்றவில்லை. 1613லேயே கெல்டிரியா கோட்டை எழும்பிவிட்டது. இங்கே துணி வாங்கி, அதைக் கிழக்கே தீவுகளில் கொடுத்துக் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்குவதுதான் கணக்கு.

ஆங்கிலேயர்களும் 1620களின் தொடக்கத்தில் இங்கே ஒட்டிக்கொள்ளப் பார்த்தார்கள். டச்சுக்காரர்களோடு ஒத்துவரவில்லை. 1626ல் வடக்கே ஆர்மகானுக்குப் போனார்கள், அதுவும் சரிப்படாமல் 1639ல் தெற்கே வந்து மதராசப்பட்டினத்தைப் பிடித்தார்கள். அதாவது, நான் தினம் டிராஃபிக்கில் மாட்டிக்கொள்ளும் ஊர்.

1687ல் கோல்கொண்டா முகலாயர் கையில் விழுந்தது. வடக்கே ஒரே குழப்பம். 1690ல் டச்சுக்காரர்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். அதற்கு அழுத்தம் கொடுத்தவர் வான் ரீட், 'ஹார்ட்டஸ் மலபாரிக்கஸ்' தொகுத்த அதே ஆள். 91 வருஷம் அங்கே ஓடியது. 1781ல் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர்கள் பிடித்தார்கள், 1784 சமாதானத்திலும் திருப்பித் தரவில்லை. அதனால் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டுக்கே திரும்பினார்கள். ஊர்மேல் பாசமெல்லாம் இல்லை, போக்கிடம் இல்லை. அதற்குள் வியாபாரம் மதராஸ் பக்கம் போய்விட்டிருந்தது. 1825ல் ஒரேயடியாகக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். கோட்டை இருந்த இடத்தில் இப்போது அகழியும் முள்புதரும்தான்.

நான் முதலில் வந்தது பறவை பார்க்க. அப்புறம் டச்சுக் கல்லறை, அதன் வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகள். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். இந்தத் துறையிலிருந்து துணி மட்டும் போகவில்லை, அடிமைகளும் பத்தேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள் என்று ரொம்பத் தாமதமாகத்தான் படித்தேன். பஞ்ச காலத்தில் சோற்றுக்கு வழியில்லாமல் விலைபோன நம்ம ஊர் ஜனங்களும் அதில் உண்டு. கல்லறைக்குள்ளே கம்பெனிக்காரர்களுக்கு வேலைப்பாடு மிகுந்த கல்வெட்டுகள் இருக்கின்றன. கப்பலேறியவர்கள் பெயரில் ஒரு கல்கூட இல்லை. அதைப் படித்த பிறகு வந்தபோது, பிள்ளைகள் முகத்துவாரத்தில் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். என்னால் முன்போல உட்கார்ந்து வேடிக்கை பார்க்க முடியவில்லை. பத்து வருஷமாக லீவுக்கு வந்துபோன கரை இது. முதல் தடவையோடு வேறு ஊர் தேடிப் போயிருந்தால், பூநாரை போட்டோ நாலு மட்டும் கையில் இருந்திருக்கும்.

கரையில் வலை சரிசெய்துகொண்டிருந்த ஒருவரிடம் விளையாட்டாகக் கேட்டேன், "நீங்க தினம் ஒரே இடத்துலதான் வலை போடுவீங்களா?"

"அப்படி முடியாது சார். பாடு வரணும்."

பாடு என்பது முறை. நல்ல இடத்தை ஒருத்தரே பிடித்துக்கொள்ள முடியாது. ஊர் கூடி முறை வைக்கும், அதன்படி இடம் மாறி மாறித்தான் இறங்குவார்கள். ஏரி ஒன்றுதான், வலை விழும் இடம் வேறு.

வீட்டில் ஒருவழியாகச் சமாதானம் ஆகிவிட்டது. அடுத்த மாதம் நாகப்பட்டினம். புது இடம்தானே என்று சொல்லி சம்மதம் வாங்கினேன். டிக்கெட் போடும்போது மனைவி கேட்டாள், "அந்த டச்சுக்காரன் போன ஊருதானே இது?"

டிக்கெட் கன்ஃபர்ம் ஆன பிறகுதான் பதில் சொன்னேன்.